வெந்நீரில் ஐந்து விரல்

அத்தியாயம் 7

மீட்டர் பெட்டி முனகியது.

"இன்னாக்கா இது, கரண்டு கம்பி பெருமூச்சு வுடுது?" என்றாள் ஜெனி.

கோகிலவாணி தன் போனில் அழைப்பைத் துண்டித்தாள். முனகல் நின்றது. அதே எண்ணை மறுபடி அழைத்தாள். மாடிப்படிக்குக் கீழே, தூசி படிந்த மீட்டர் பெட்டிக்குப் பின்னால், தகரத்தில் மாட்டிக்கொண்ட வண்டு போல மறுபடி அதே முனகல்.

ஜெனி கையை விட்டுத் துழாவினாள். ஒட்டடையோடு ஒரு போன் வெளியே வந்தது. மலிவான கறுப்பு போன். மணியை அணைத்து அதிர்வில் மட்டும் வைத்திருந்தார்கள்.

"நம்ம பில்டிங்," என்றாள் கோகிலவாணி.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கட்டடம். கீழே பரோட்டா கடை. முதல் மாடியில் கோகிலவாணியின் துப்பறியும் ஆபீஸ். இரண்டாம் மாடியில் அவளும் கணவர் சிவகுமாரும் குடியிருந்தார்கள். ஜெனி அவளுடைய உதவியாளர். அனகாபுத்தூர்க்காரி. அவளுடைய ஸ்கூட்டி அடிக்கடி நின்றுபோகும், வாய் மட்டும் நின்றதே இல்லை.

போன மாதம் முடிச்சூர் பொன்னுரங்கம் அந்த ஆபீஸ் படியேறி வந்திருந்தார். ஒரு காலத்தில் நெல் போட்ட நிலத்தில் இப்போது சிமெண்ட் கடை வைத்திருப்பவர். அவர் மகள் தமிழினி, கணவன் முகிலனின் அடி தாங்காமல் வெளியே வந்துவிட்டாள். "கேஸ் முடியற வரைக்கும் எம் பொண்ணு எங்க இருக்கான்னு அந்த ஆளுக்குத் தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா உயிரோட விட மாட்டான்," என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கோகிலவாணி தமிழினியைப் பீர்க்கன்கரணை ஏரியோரம் ஒரு வீட்டில் ஒளித்து வைத்தாள்.

முந்தாநாள் காலை இரும்புக் கம்பியோடு மூன்று பேர் நேராக அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தேடி அலையவில்லை, யாரிடமும் விசாரிக்கவில்லை. தமிழினி பின்பக்கமாகக் குதித்து, கருவேல முள்ளுக்குள் புகுந்து தப்பினாள். அக்கம்பக்கத்தார் ஒருவனை மட்டும் மடக்கிப் பிடித்தார்கள். முகவரி கொடுத்தது யார் என்று அவனுக்கே தெரியாது. வழி தெரியாவிட்டால் கேட்க என்று கொடுத்த ஓர் எண் மட்டும் அவனுடைய போனில் இருந்தது.

அந்த எண்தான் இப்போது ஜெனியின் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டிருந்தது.

"பூட்டியிருக்கு. விரல் வச்சாத்தான் திறக்கும்," என்றாள் கோகிலவாணி.

"அப்ப இதுக்கு சாவி யாரோ ஒருத்தர் கையில முளைச்சிகினு கீதுன்னு சொல்லு. வா, தேடலாம்."

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. கண்டெடுத்த போன், யாருதுன்னு பார்க்கறோம். அவ்வளவுதான்."

ஆபீசில் பேசுவது படிக்கட்டு வரை கேட்கும். அந்தப் படிக்கட்டில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் இரண்டு பேர். மாடியைப் பெருக்கும் பச்சையம்மா ஒருத்தி. காலையில் மோட்டார் போட வரும் கட்டட உரிமையாளர் ஸ்ரீநிவாசராகவன் இன்னொருவர்.

பச்சையம்மா அப்போது முதல் மாடி வராந்தாவில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையம்மாக்கா, இந்த போன் உன்னுதா பாரு. கொஞ்சம் கட்டை விரலை வை," என்றாள் ஜெனி.

பச்சையம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வைத்தாள். போன் மறுத்தது. ஆள்காட்டி விரல். மறுத்தது. இன்னொரு கை. போன் கொஞ்ச நேரத்துக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"என் கைய எந்த மிசினும் ஒத்துக்காது கண்ணு," என்றாள் பச்சையம்மா. "ரேசன் கடையில கூட நான் வச்சா, இது யாரோன்னு சொல்லிடுது. மருமவதான் போயி அரிசி வாங்கியாருது."

கோகிலவாணி அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். பிளீச்சிங் பவுடரும் பாத்திர சோப்பும் வருஷக்கணக்கில் தின்ற விரல்கள். நுனியில் ரேகை என்று சொல்ல ஒரு கோடு இல்லை. தேய்ந்த படிக்கட்டு போல வழவழத்திருந்தது தோல்.

படி இறங்கும்போது ஜெனி கிசுகிசுத்தாள். "தொறக்கல. ஆனா அதை வச்சி இந்தம்மா இல்லன்னு சொல்ல முடியாதேக்கா. ரேகையே இல்லாத விரலு எந்த போனைத் தொறக்கும்?"

"அதேதான் ஜெனி. ரேகையே இல்லாத விரலால எந்த போனைப் பூட்ட முடியும்? இது விரலைக் கேட்டுப் பதிஞ்சுக்கிட்டு அப்புறம் பூட்டின போன். பச்சையம்மா விரலை இது முதல் நாளே துரத்தியிருக்கும்."

ஜெனி ஒரு படியில் நின்றேவிட்டாள். "இதுக்குத்தான் நீ மொதலாளி, நான் டிரைவர்."

ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக்குப் புறப்பட்ட ஸ்கூட்டி, ரயில்வே பாலத்தைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் இறங்கி, சிட்லபாக்கம் ஏரியை நெருங்கும்போது சிவகுமார் கூப்பிட்டார். கோகிலவாணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாப்பிட்டீங்களா? காலையில இட்லி ஊட்டினது, பாதியிலேயே போதும்னுட்டீங்க."

"பசிக்கல கோகி. மனசே சரியில்ல. அந்தப் பொண்ணு தமிழினியை நினைச்சுக்கிட்டே இருக்கேன். பத்திரமா இருக்காளா? எங்க வச்சிருக்க?"

"ஜெனியோட அத்தை இருக்காங்களே, அருள்மேரி ஆன்ட்டி, அவங்க வீட்ல. அனகாபுத்தூர். சர்ச்சுக்குப் பின்னாடி. நீங்க கவலைப்படாம படுங்க. கையை வெயில்ல நீட்டாதீங்க, சுட்டாத் தெரியாது உங்களுக்கு."

இரண்டு வருஷமாக அந்த வலது கை அப்படித்தான். கோகிலவாணி எடுத்த ஒரு கேசுக்காக பைக்கில் ஒருவனைப் பின்தொடர்ந்து போனவர், பெருங்களத்தூர் சிக்னலில் கண்ணாடித் தகடுகள் ஏற்றிப்போன மினி லாரியில் மோதினார். மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. தைத்தார்கள். உணர்ச்சி திரும்பவில்லை என்றார் சிவகுமார். அன்றிலிருந்து அவருக்குச் சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைந்து ஊட்டுவது, தலை துவட்டுவது எல்லாம் அவள்தான். குளிக்கும்போது அந்தக் கையை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வார். வெந்நீர் சுட்டால் தெரியாதே, கொப்பளித்துவிடுமே என்பார். அவளுக்கு நெஞ்சு கரையும்.

ஜெனி வண்டியை ஓரம் கட்டினாள். "அம்மாவுக்கு ஒரு போன் போட்டுட்டு வரேன்க்கா." நாலடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பேசிவிட்டு வந்தாள். அதன்பிறகு ஸ்ரீநிவாசராகவன் வீட்டு வாசல் வரை அவள் வாயே திறக்கவில்லை. கோகிலவாணி அதைக் கவனித்தாள். காரணம் மட்டும் புரியவில்லை.

ஸ்ரீநிவாசராகவன் வாசலில் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ரிட்டையர்டு பேங்க் ஆபீசர்.

"என்னோட போன் இல்லையேம்மா. விரலை வெச்சுப் பாக்கணுமா? வெச்சுட்டாப் போச்சு."

வைத்தார். திறக்கவில்லை. ஜெனி கோகிலவாணியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கோகிலவாணி அவர் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் சுருங்கி வரிவரியாக இருந்தது.

"சார், கை ரொம்ப நேரமா தண்ணியில இருக்கா?"

"காலம்பறலேர்ந்து இதான் வேலை."

உள்ளிருந்து அவர் மகள் விஷ்ணுப்ரியா எட்டிப் பார்த்தாள். தோல் டாக்டர். அன்று கிளினிக் லீவு போலும், கையில் காபி இருந்தது. "அப்பா விரல் இப்ப உலர்ந்த திராட்சை. எந்த போனும் ஒத்துக்காது. சித்த நேரம் ஃபேனடியில உக்காரட்டும், தானா சரியாயிடும். உள்ள வாங்கோ."

ஃபேனடியில் உட்கார்ந்தார்கள். ஜெனி சும்மா இருப்பாளா? "டாக்டர், எனக்கு ஒரு டவுட்டு. கை மட்டும் பஞ்சு மாதிரி தண்ணியக் குடிச்சிகினு ஊதுதே, வயிறு மேல கீற தோலு மட்டும் ஏன் ஊதல?"

விஷ்ணுப்ரியா சிரித்தாள். "எல்லாரும் அப்படித்தான் நினைக்கறோம், தண்ணியை உறிஞ்சி உப்பறதுன்னு. அது தோல் தானாப் பண்ற காரியம் இல்ல. நரம்பு பண்ற வேலை. தண்ணியில கொஞ்ச நேரம் இருந்தா விரல் நுனிக்கு நரம்பு ஒரு ஆர்டர் போடும். உள்ள இருக்கற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் சுருங்கும். உள்ள சதை இறங்கினதும் மேல் தோலுக்கு இடம் மிச்சம். அதான் மடிப்பு மடிப்பா விழறது. ஈரத்துல வழுக்காமப் பிடிக்க உதவறதுன்னு சொல்றா. மழைக்கு டயர்ல பள்ளம் இருக்கோல்லியோ, அது மாதிரி."

"நரம்பு போடற ஆர்டரா?" என்றாள் கோகிலவாணி.

"ஆமாம். நரம்பு அறுந்து போன விரல் எத்தனை நேரம் ஊறினாலும் சுருங்காது. குழந்தை கன்னம் மாதிரி மழமழன்னே இருக்கும். பேச முடியாத சின்னப் பசங்க கையைக் கிழிச்சிண்டு வந்தா, வெந்நீர்ல வெச்சுப் பாக்கற வழக்கம் உண்டு. இதை மட்டும் வெச்சு முடிவு கட்ட மாட்டோம். ஒரு சாடைதான்."

கோகிலவாணியின் காபி கையிலேயே நின்றது. "என் வீட்டுக்காரருக்கு வலது கை மரத்துப் போச்சு டாக்டர். ரெண்டு வருஷம் ஆச்சு. தைச்ச நரம்பு திரும்ப வளருமா?"

"வளரலாமே. ரொம்ப மெதுவாத்தான் வளரும். ஆத்துல வெதுவெதுன்னு தண்ணியில வெச்சுப் பாருங்கோ. சுருங்கித்துன்னா சந்தோஷப்படுங்கோ. நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

உலர்ந்த விரலை ஸ்ரீநிவாசராகவன் மறுபடி வைத்துப் பார்த்தார். பத்து விரலுக்கும் போன் மசியவில்லை. அவரும் இல்லை.

கேசில் இருந்த ஒரே துப்பு செத்துவிட்டது. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் கோகிலவாணியின் மனசு கேசில் இல்லை. இரண்டு வருஷத்தில் எத்தனை டாக்டர், எத்தனை எண்ணெய், எத்தனை வேண்டுதல். ஒரு பேசின் வெந்நீரில் வைத்துப் பார்க்கலாம் என்று யாருமே சொல்லவில்லையே. சுருங்கினால்? சுருங்கிவிட்டால்? அவள் சிரித்தபடியே பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, கேஸு பேஜாராப் போயி நீ சிரிச்சிகினு வர?"

"சும்மா ஓட்டு."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் காய்ச்சினாள். பிளாஸ்டிக் பேசினில் ஊற்றிப் பதம் பார்த்து, இரண்டு கொத்து வேப்பிலை போட்டுக் கொண்டு வந்து வைத்தாள். சிவகுமார் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார்.

"என்னது கோகி?"

"தோல் டாக்டர் சொன்னாங்க. கையை இதுல வைங்க. ரெண்டு கையையும். பக்குவமாத்தான் இருக்கு, சுடாது. நான் பார்த்துட்டேன்."

"இதனால என்ன ஆயிடும்? வேணாமே."

"எனக்காக."

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். அவளே வலது கையைத் தூக்கி, செத்த பறவையைப் போலப் பதமாகத் தண்ணீருக்குள் இறக்கினாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். பரோட்டா கடைக்காரர் மகள் கல்யாணம், மழை வரும்போல இருக்கும் வானம், எதையெதையோ. ஜெனி கதவோரம் சாய்ந்து நின்றாள். அவளிடமிருந்து ஒரு ஜோக்கும் வரவில்லை.

முதலில் இடது கை. நுனி வெளுத்தது, மெல்லிய கோடு விழுந்தது. வலது கை மழமழவென்றே இருந்தது. கோகிலவாணி தண்ணீர் ஆறாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். சுருங்கு, என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு கோடு போதும்.

வலது கட்டை விரலில் ஒரு கோடு விழுந்தது. பிறகு சுட்டு விரலில். பிறகு ஒவ்வொன்றாக, குளத்தில் அலை பரவுவது போல, ஐந்து விரல் நுனியும் சுருங்கின. இடது கைக்கும் வலது கைக்கும் இப்போது ஒரு வித்தியாசமும் இல்லை.

"ஏங்க!" கோகிலவாணி கத்தியேவிட்டாள். கண்ணில் தண்ணீர் பொங்கியது. "பாருங்க, சுருங்குது! நரம்பு செத்திருந்தா விரல் சுருங்காதாம். தண்ணியில எத்தனை நேரம் போட்டாலும் சுருங்காதாம். உங்க நரம்பு உயிரோட இருக்கு! கை வந்துடுச்சுங்க!"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை.

ஆச்சரியமும் இல்லை. பிடிபட்டவனின் முகம் அது. தொழிலில் அந்த முகத்தை அவள் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறாள். லாட்ஜ் வாசலில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரிப் படுக்கையில். தன் வீட்டு ஈசிச்சேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு நொடிதான். பிறகு அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே கோகி. மரத்துப் போன மாதிரிதான் இருக்கு. டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க."

"ஆமாங்க," என்றாள் கோகிலவாணி. குரல் தன்னுடையதாக இல்லை. "சொல்லுவாங்க."

மடியில் துண்டை விரித்தாள். அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்து, துண்டின் மறுபாதியால் மூடித் துடைக்க ஆரம்பித்தாள். ஜெனியைத் திரும்பிப் பார்த்தாள். ஜெனி கோகிலவாணியின் கைப்பையிலிருந்து அந்தக் கறுப்பு போனை எடுத்து, அவர் பார்க்காதபடி அவளிடம் நீட்டினாள்.

துண்டுக்கு அடியில், அந்தக் கட்டை விரலின் கீழ் அவள் போனைச் செருகினாள்.

விரல் விறைத்தது.

குளிர்ந்த கண்ணாடி தோலில் பட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது, அடியில் இருப்பது என்ன என்று. தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் உணர்ச்சியில்லாத கை எதையும் தெரிந்துகொள்ள முடியாது. இழுத்துக்கொள்ளவும் முடியாது. இழுத்தால் இத்தனை நாள் பொய்யும் அந்த நிமிஷமே உடையும். அவர் சொன்ன பொய்யே அவர் கையை அங்கே பிடித்து வைத்திருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது.

போன் லேசாக அதிர்ந்து மறுத்தது.

கதவோரம் ஜெனி பெருமூச்சு விட்டது கேட்டது. கோகிலவாணி விடவில்லை. சுருங்கிய விரலை எந்த போன் ஒத்துக்கொள்ளும்? ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரை, மெல்ல மெல்லத் துடைத்தாள். இந்த இரண்டு வருஷமும் துடைத்தது போலவேதான். கீழே கடையில் பரோட்டா கொத்தும் சத்தம் ஆரம்பித்தது. அந்தக் காத்திருப்பில் அவள் வேண்டுதல் தலைகீழாகியிருந்தது. திறக்காதே, என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த விரலுக்குத் திறக்காதே.

மடிப்புகள் ஒன்றொன்றாக இறங்கின. தோல் பழையபடி நிரவியது. துண்டுக்கு அடியில் மறுபடி கட்டை விரலைக் கண்ணாடியின் மேல் வைத்தாள்.

துண்டு உள்ளிருந்து வெளிச்சமானது.

அவள் துண்டை விலக்கினாள். திரையில் மத்தியானம் வந்த செய்தி ஒன்று காத்திருந்தது. அனுப்பியவன் முகிலன். 'நீங்க சொன்ன மாதிரி அனகாபுத்தூர் வந்துட்டேன். சர்ச்சுக்குப் பின்னாடி எந்த வீடு?'

அனகாபுத்தூர் என்று இன்று அவள் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். அவர் தன் சொந்த போனிலிருந்தே முகிலனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்; அவன் பழக்கத்தில் இந்த எண்ணுக்குப் பதில் அனுப்பிவிட்டான்.

"ஜெனி! அருள்மேரி ஆன்ட்டிக்கு போன் போடு! தமிழினி..."

"தமிழினி அங்க இல்லக்கா." ஜெனியின் குரல் தாழ்ந்திருந்தது. "ஏரிக்கரையில வண்டிய நிறுத்தினேனே, அம்மாவுக்கு இல்ல, அத்தைக்குத்தான் பேசினேன். உடனே கூட்டினு போயி சேலையூர்ல சிஸ்டருங்க நடத்தற ஹாஸ்டல்ல வுட்டாச்சு. பொன்னுரங்கம் சார் போலீசோட அத்தை வூட்டுல உக்காந்துகினு கீறாரு. அந்த ஆளு கதவைத் தட்டினா அவங்கதான் தொறப்பாங்க."

கோகிலவாணி அவளையே பார்த்தாள்.

"தெரியுமா உனக்கு?"

"போன மாசம் கீழ கடையில மாமா டீ குடிக்கறப்ப, கிளாசு சுட்டு வெடுக்குன்னு கைய எடுத்தாரு. வலது கைய. அப்பறம் சுத்துமுத்தும் பாத்தாரு. நான் பாக்காத மாதிரி திரும்பிகினேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியாக்கா?"

கோகிலவாணி நம்பியிருக்க மாட்டாள். ஜெனியை வேலையை விட்டு அனுப்பியிருப்பாள்.

சிவகுமார் எழுந்து நின்றிருந்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பழக்கம்.

"முதல் வருஷம் நிஜம் கோகி. சத்தியமா நிஜம். அப்புறம் எறும்பு ஊர்ற மாதிரி வந்துச்சு. சொல்லத்தான் நினைச்சேன். தினம் நினைச்சேன். ஆனா அதுக்குள்ள... நீ என்னை அப்படிப் பார்த்துக்கிட்ட. விபத்துக்கு முன்னாடி நான் உனக்கு இன்னொரு எடுபிடி. போ, வா, அவனைப் பின்தொடருன்னு. கை போனப்புறம்தான் நீ என் பக்கத்துல உக்காந்த."

"தமிழினி உங்களுக்கு என்ன பண்ணா?"

"அவன் என்கிட்ட அழுதான். கீழ கடைக்குத் தேடி வந்து அழுதான். பொண்டாட்டியை ஒரு தடவை பார்த்துப் பேசிடறேன் சார்னான். அவனே இந்த போனையும் கொடுத்தான். புருஷன்தானே, சேர்த்து வைக்கலாம்னு நினைச்சேன். ஆளுங்களை அனுப்புவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முந்தாநாள் தெரியாது, சரி." கோகிலவாணி எழுந்தாள். "கம்பியோட வந்தாங்கன்னு தெரிஞ்சப்புறம், இன்னிக்கு?"

அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மனசே சரியில்லன்னு போன் பண்ணீங்களே. பத்திரமா இருக்காளான்னு கேட்டீங்களே."

"முடிச்சுக் கொடுக்கலன்னா கை விஷயத்தை உன்கிட்ட சொல்லிடுவேன்னான் கோகி. அவனும் கண்டுபிடிச்சுட்டான். நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு..."

அவள் அந்தப் பேச்சு முடியும்வரை நிற்கவில்லை. பேசினை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டினாள். போனையும் கைப்பையையும் எடுத்தாள். படியில் இறங்கினாள். ஜெனி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

சேலையூர் போகும் வழியில் பொன்னுரங்கத்திடமிருந்து போன் வந்தது. முகிலன் அனகாபுத்தூரில் வீடு வீடாக விசாரித்து வந்து கதவைத் தட்டினானாம். அவரே திறந்தாராம். போலீஸ் அவனை வண்டியில் ஏற்றிவிட்டதாம். "யாரும்மா அந்தத் துரோகி? காலையில உங்க ஆபீஸ் படியில பச்சையம்மாவப் பார்த்து, அதுதான் ஒட்டுக் கேட்டுச்சோன்னு நானு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். அதுதானா?"

"பச்சையம்மா இல்ல சார். அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். யாருன்னு முதல்ல உங்க பொண்ணுகிட்ட சொல்லிட்டு உங்களுக்கு சொல்றேன்."

ஹாஸ்டலில் சிஸ்டர் ஒருவர் அவர்களை மாடியறைக்கு அழைத்துப் போனார். தமிழினி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முள் கீறிய கோடுகள், கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தன. ஓரங்களில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. அவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"பிடிச்சுட்டாங்களாமே அக்கா. அப்பா சொன்னாரு." அவள் கோகிலவாணியின் கையைப் பற்றிக்கொண்டாள். "ரெண்டு இடம் மாறியும் கரெக்டா வந்தானே. யாருக்கா சொன்னது?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம் ஒன்று இருந்தது. கட்டடத்தில் ஒருவர், விசாரணை நடக்கிறது, அப்படி ஏதோ. ஜெனி அவளுக்காக வாயைத் திறந்தாள். கோகிலவாணி தடுத்தாள்.

"என் வீட்டுக்காரர்," என்றாள். "நீ எங்க இருக்கன்னு ரெண்டு தடவையும் அவர்கிட்ட சொன்னது நான்."

தமிழினி கையை விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அறைந்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக நின்றாள். தமிழினி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிய கண்கள், கலைந்த முடி, ஈரம் உலராத புடவை முந்தானை. அடி வாங்கி வந்தவளுக்கு இன்னொரு அடி எங்கே விழுந்திருக்கிறது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

அவள் கட்டிலில் சுவர்ப் பக்கமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காருங்கக்கா," என்றாள். "அப்ப இன்னிக்கு நீங்க எங்க போவீங்க?"